சளி, இருமல், வயிற்றுப்போக்கு: கை வைத்தியம் எதுவரை, மருத்துவர் எப்போது?

அடிக்கடி வந்துபோகும் சளி, இருமல், காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தலைவலி போன்றவற்றுக்குக் கை வைத்தியமே போதாதா, மாத்திரை எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். நாட்டு மருந்தில் பக்கவிளைவே கிடையாது என்பது உண்மையா, இரண்டையும் ஒரே சமயத்தில் எடுத்துக்கொள்ளலாமா என்பவை உங்களுடைய மற்ற இரு கேள்விகள். மருந்துகள் உடலுக்குள் என்ன செய்கின்றன என்பதைப் பல ஆண்டுகளாகப் படித்தும் கற்பித்தும் வருபவன் என்ற முறையில் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன். ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே வரியில் முடித்துவிட்டால், படிப்பவர்களில் யாரோ ஒருவருக்கு அது தீங்காக முடியக்கூடும் என்ற கவலை எனக்கு உண்டு.

இலை ஒரு பக்கம், மாத்திரை மறுபக்கம் என்று கோடு கிழித்துப் பார்ப்பதுதான் நம் வழக்கம். மருந்துகளின் வரலாற்றைப் பார்த்தால் அந்தக் கோடு நிற்பதில்லை. சளியை இளக்குவதற்காக மருத்துவர் எழுதித் தரும் புரோம்ஹெக்சின், ஆடாதோடை இலையில் உள்ள வாசிசின் என்ற பொருளை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கப்பட்டது. அது உடலுக்குள் மாறி உண்டாகும் அம்ப்ராக்சால் இன்று பல இருமல் மருந்துகளில் இருக்கிறது. மலச்சிக்கலுக்குக் காலங்காலமாகக் கொடுத்துவரும் நிலாவாரை, உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இடம்பெற்றிருக்கிறது. வில்லோ மரப்பட்டை காய்ச்சலைத் தணிக்கிறது என்று எட்வர்ட் ஸ்டோன் என்ற ஆங்கிலப் பாதிரியார் 1763இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அந்த வழியில் நடந்த ஆராய்ச்சியின் தொடர்ச்சியாகவே 1897இல் ஆஸ்பிரின் தூய வடிவில் தயாரிக்கப்பட்டது. மலேரியாவுக்கான ஆர்ட்டெமிசினின் இன்னும் அழகான எடுத்துக்காட்டு. சீன விஞ்ஞானி து யூயூ, அது கிடைக்கும் செடியைக் கொதிக்கவைக்காமல் நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லும் பழைய மருத்துவக் குறிப்பு ஒன்றைக் கண்டு, அதிக வெப்பம் மருந்தைக் கெடுத்துவிடுகிறது என்பதை ஊகித்தார்; குறைந்த வெப்பத்தில் ஈதர் என்ற கரைப்பானைக் கொண்டு அதைப் பிரித்தெடுத்தார்; 2015இல் நோபல் பரிசும் பெற்றார்.

இவை எல்லாவற்றிலும் ஒரே வரிசையைப் பார்க்கலாம். மரபு துப்புக் கொடுத்தது. சோதனை அந்தத் துப்பைச் சரிபார்த்து, எவ்வளவு கொடுக்க வேண்டும், யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதைச் சொன்னது. செடியில் உள்ள மருந்துப்பொருளின் அளவு மண்ணுக்கு மண், பருவத்துக்குப் பருவம் மாறும். உலர்த்தும் விதத்தாலும் மாறும். ஒரு பிடி இலையில் இன்று இருந்த அளவு நாளைய பிடியில் இருக்கும் என்று சொல்ல முடியாது. இலேசான சளிக்கு இது பொருட்டல்ல. இதயத்துடிப்பையோ ரத்த உறைதலையோ தொடும் மருந்தென்றால் உயிர்ப் பிரச்சினை. ஆகவே ஒரு மருந்தைப் பற்றி நான் முதலில் கேட்பது, அது எந்த மரபிலிருந்து வந்தது என்பதை அல்ல. எந்த நோய்க்கு, எவ்வளவு, எத்தனை நாள், எந்த அறிகுறி தெரிந்தால் அதை நிறுத்திவிட்டு வேறு வழி பார்க்க வேண்டும் என்ற நான்கையும்தான்.

அடுத்து, ஒரு மருந்து வேலை செய்தது என்று நாம் எப்படி முடிவுக்கு வருகிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். குழப்பம் அதிகமாக இங்கேதான் தொடங்குகிறது. அன்றாடத் தொல்லைகளில் பெரும்பாலானவை தாமாகவே அடங்கக்கூடியவை. சளி பொதுவாக 7 முதல் 10 நாளில் சரியாகும். தொண்டை வலி ஒரு வாரத்தில். சளியைத் தொடர்ந்து வரும் இருமல் 3 வாரம் வரைகூட நீடித்துப் பிறகு ஓயும். நாம் மருந்தைத் தேடுவது தொல்லை உச்சத்தில் இருக்கும் நாளில். உச்சத்துக்குப் பிறகு இறக்கம்தான் வரும். அன்று எதை விழுங்கியிருந்தாலும், கஷாயமோ ஆன்டிபயாட்டிக்கோ, புகழ் அதற்கே போய்ச் சேரும். இந்த மயக்கம் பாட்டிக்கும் உண்டு, பட்டம் பெற்ற மருத்துவருக்கும் உண்டு.

மஞ்சள்காமாலையும் கீழாநெல்லியும் இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு. காமாலை என்பது நோயல்ல, அறிகுறி; ரத்தத்தில் பிலிரூபின் என்ற நிறமி கூடியிருக்கிறது என்பதை மட்டுமே அது காட்டுகிறது. அசுத்தமான நீராலும் உணவாலும் பரவும் ஹெபடைடிஸ் ஏ, ஈ ஆகியவற்றால் வரும் காமாலை, பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானே குணமாகிறது. அந்தச் சில வாரங்கள் கீழாநெல்லி குடித்தவர் கீழாநெல்லியால் பிழைத்தேன் என்று சொல்வதில் வியப்பில்லை. அவர் பொய் சொல்லவும் இல்லை. 1988இல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்திருந்தவர்களில் கீழாநெல்லி கொடுக்கப்பட்ட 37 பேரில் 22 பேருடைய ரத்தத்தில் அந்தக் கிருமியின் மேலுறைப் புரதம் மறைந்துவிட்டதாக அதில் சொல்லப்பட்டது. உலகமே ஆவலோடு பார்த்த முடிவு அது. ஆனால் பிறகு வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்த வெற்றி கைகூடவில்லை. நல்ல நம்பிக்கையோடு தொடங்கிய ஒன்று சோதனையில் நிற்கவில்லை என்று தெரிந்துகொள்வதும் அறிவுதான். அதனால் மரபுக்கு இழுக்கு எதுவும் இல்லை.

கீழாநெல்லியைக் குடித்ததால் கெடுதல் நேர்ந்தது என்பது அபூர்வம். அதைக் குடித்துக்கொண்டே காத்திருந்ததால் கெடுதல் நேர்கிறது. பித்தநாளத்தில் கல்லோ கட்டியோ அடைத்துக்கொண்டாலும் காமாலை வரும். மலம் வெளுத்துப்போய், உடம்பெல்லாம் அரிப்பெடுத்து, எடை குறைந்துகொண்டே போனால் அந்த ஐயம் உடனே எழ வேண்டும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் வரும் ஹெபடைடிஸ் ஈ தாயின் உயிரையே பறிக்கக்கூடியது. காமாலையோடு மனக்குழப்பம், ஓயாத தூக்கக் கலக்கம், ரத்தக் கசிவு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் கல்லீரல் செயலிழக்கிறது என்று கொள்ள வேண்டும். ரத்தப் பரிசோதனை செய்து எந்தக் காமாலை என்று தெரிந்துகொள்ளாமல் மூலிகையோடு மட்டும் நாட்களைக் கடத்துவதை நான் எந்தச் சூழ்நிலையிலும் ஏற்க மாட்டேன்.

சளி, இருமலுக்கு வருவோம். இங்கே கை வைத்தியத்துக்கு மரியாதையான இடம் உண்டு. சளியை உண்டாக்கும் வைரஸ் வகைகள் 200க்கும் மேல். அவற்றை அழிக்கும் மருந்து எந்த மருத்துவமுறையிலும் இல்லை. அப்படியானால் மருந்தின் வேலை உடல் தன் வேலையை முடிக்கும்வரை தொல்லையைக் குறைப்பது மட்டும்தான். இருமலுக்குத் தேன் கொடுப்பது வெறும் நம்பிக்கை அல்ல. குழந்தைகளிடம் நடத்திய ஆய்வுகளில் இரவு இருமலைக் குறைக்க அது உதவியிருக்கிறது. பிரிட்டனின் சிகிச்சை வழிகாட்டுதல்களும் 2018 முதல் அதைப் பரிந்துரைக்கின்றன. ஒரே ஒரு விலக்கு, ஆனால் அது கண்டிப்பானது: ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனை நாக்கில் தொட்டும் வைக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய பாட்டுலிசம் கிருமியின் வித்துகள் அந்த வயதுக் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கிக் குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். வெதுவெதுப்பான உப்புநீரில் கொப்புளிப்பது தொண்டைக்கு இதமானது, தீங்கற்றது. ஆவி பிடிப்பது சற்று நேரம் மூக்கைத் திறந்ததுபோல் இருக்கும். சளி தீரும் நாளை அது முன்னுக்குக் கொண்டுவருவதில்லை. கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோகும் குழந்தைகளை நினைத்தால், சிறு பிள்ளைகளுக்கு அதை அறவே தவிர்க்கச் சொல்வேன்.

மாத்திரைப் பக்கமும் எல்லாம் சரியாக இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். மூக்கடைப்புக்கான பல கூட்டு மாத்திரைகளில் இருந்துவரும் ஃபினைலெஃப்ரின், வாய்வழி உட்கொண்டால் பயன் தருவதில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் நிபுணர் குழு 2023இல் ஒருமனதாகக் கூறியது. அதைத் தொடர்ந்து 2024இல் அந்த அமைப்பே அதை நீக்க முன்மொழிந்தது. எத்தனையோ ஆண்டுகள் கோடிக்கணக்கானோர் விழுங்கிய பொருள் அது. மூக்கில் விடும் அடைப்பு நீக்கும் சொட்டு மருந்துகள் உண்மையிலேயே வேலை செய்கின்றன. ஆனால் 5 நாட்களுக்கு மேல் தொடர்ந்தால் மருந்தை நிறுத்தியதும் அடைப்பு முன்னிலும் மோசமாகத் திரும்பி, அதற்கே அடிமையாக்கிவிடும். ஆன்டிபயாட்டிக் சளிக்கு எதுவும் செய்யாது. சளியின் நிறம் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுவது மட்டுமே ஆன்டிபயாட்டிக் எடுக்கக் காரணமாகாது. தேவையில்லாமல் விழுங்கும் ஒவ்வொரு தடவையும் நம் உடலில் குடியிருக்கும் கிருமிகளுக்கு அந்த மருந்தை எதிர்க்கப் பழக்கம் கொடுக்கிறோம். மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளால் நேரடியாக மட்டும் 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

எந்த இருமலோடு காத்திருக்கக் கூடாது? மூச்சு வாங்கினால், இருமலில் ரத்தம் வந்தால், குழந்தை மூச்சை இழுக்கும்போது மார்பின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணிப் பாருங்கள். 2 மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு 60, 2 மாதம் முதல் ஓராண்டு நிறையும்வரை 50, ஒன்று முதல் 5 வயதுவரை 40, இந்த எண்ணிக்கைகளைத் தொட்டாலோ தாண்டினாலோ நிமோனியாவாக இருக்கலாம். எந்தக் கருவியும் இல்லாமல் ஒரு தாய் செய்யக்கூடிய பரிசோதனை இது. எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். சாதாரண இருமலே 3 வாரம் இழுக்கலாம் என்று மேலே சொன்னேன் என்றாலும், 2 வாரத்தைத் தாண்டியதும் காசநோய் இருக்கிறதா என்று சளியைப் பரிசோதித்துவிடுவதே சரி. மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடைக் குறைவு ஆகியவை சேர்ந்திருந்தால் அந்த 2 வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

காய்ச்சலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காய்ச்சல் உடலின் எதிர்ப்பு வேலையின் ஒரு பகுதி. தெர்மாமீட்டரின் எண்ணைக் கீழே இறக்குவது நோக்கமல்ல, நோயாளியின் அவதியைக் குறைப்பதே நோக்கம். கம்பளியால் இறுகப் போர்த்துவதும் தவறு. பனிநீரால் துடைப்பதும் தவறு, அதனால் நடுக்கம் கூடி உள்வெப்பம் ஏறும். பாராசிட்டமால் பாதுகாப்பானது, அளவுக்குள் இருக்கும்வரை. பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4 கிராம் உச்ச வரம்பு. குழந்தைகளுக்கு ஒரு வேளைக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 10 முதல் 15 மில்லிகிராம். சளி மாத்திரை, உடல்வலி மாத்திரை, காய்ச்சல் மாத்திரை மூன்றிலும் பாராசிட்டமால் இருப்பதை அறியாமல் மூன்றையும் விழுங்கிக் கல்லீரலைக் கெடுத்துக்கொள்பவர்கள் உண்டு. அட்டையின் பின்புறத்தைப் படியுங்கள். 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மருத்துவர் சொல்லாமல் ஆஸ்பிரின் வேண்டாம். டெங்குவாக இருக்கலாம் என்ற ஐயம் இருக்கும்வரை யாருக்குமே ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபெனும் கூடாது. ரத்தப்போக்கு அபாயத்தை அவை கூட்டும். 3 மாதம் நிறையாத குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலே அது அவசரம்.

வயிற்றுப்போக்கில் நவீன மருத்துவமும் நெடுங்காலம் தவறாகவே நடந்துகொண்டது. குடலுக்கு ஓய்வு தருகிறோம் என்று உணவையும் நீரையும் நிறுத்திவைத்த காலம் மருத்துவமனைகளிலும் இருந்தது. வயிற்றுப்போக்கில் மனிதன் இறப்பது மலத்தால் அல்ல, அதனோடு வெளியேறும் நீராலும் உப்பாலும். குடல் எவ்வளவுதான் பாதிக்கப்பட்டிருந்தாலும், குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து வந்தால் அவற்றை ஒன்றாக உள்ளிழுக்கும் வழி பெரும்பாலும் கெடுவதில்லை. அவற்றின் பின்னால் நீரும் போகிறது. வெறும் நீரோ வெறும் உப்புநீரோ அந்த வேலையைச் செய்யாது. 1971இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பு வழி ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மஹலானபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் கலந்த நீரைப் பெரிய கலங்களில் நிரப்பிவைத்து, நோயாளிகளின் உறவினர்களையே கோப்பை கோப்பையாகக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு 30 பேர் அளவில் இறந்துகொண்டிருந்த இடத்தில், இறப்பு 4 பேருக்கும் கீழே இறங்கியது. இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கக்கூடும் என்று 1978இல் லான்செட் எழுதியது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கும். கோப்பை பிடித்தது முழுக்க வீட்டாரின் கைகள்.

ஆகவே வயிற்றுப்போக்குக்கு முதல் மருந்து ஓஆர்எஸ் என்ற அதே உப்பு-குளுக்கோஸ் கரைசல். பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவு சுத்தமான நீரில் முழுப் பொட்டலத்தையும் ஒரே தடவையில் கரைக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கரைத்தால் உப்பின் அளவு தவறிவிடும். பொட்டலம் கிடைக்காத அவசரத்தில், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து என்பதால் அளப்பதில் கவனம் வேண்டும். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, மறுபடி கரண்டி கரண்டியாகத் தொடங்குங்கள். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்த வேண்டாம். குழந்தைகளுக்குத் துத்தநாகம் 10 முதல் 14 நாள் கொடுப்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. துவர்ப்பான கஷாயங்கள் மலத்தைக் கட்டுவதுபோல் தோன்றலாம். அவற்றைப் பெரியவர்கள் குடிப்பதில் எனக்கு மறுப்பில்லை, கரைசலும் கூடவே போகிறது என்றால். லோபரமைடு போன்ற, குடலின் அசைவை நிறுத்தும் மாத்திரைகளைச் சிறு குழந்தைகளுக்கும், மலத்தில் ரத்தமோ கடுங்காய்ச்சலோ இருப்பவர்களுக்கும் கொடுக்கக் கூடாது. கண் குழிந்து, நாக்கு வறண்டு, சிறுநீர் குறைந்து, குழந்தை துவண்டுபோனால் எந்தக் கரைசலோடும் வீட்டில் இருக்க வேண்டாம்.

வயிற்றுத் தொல்லைகளில் இன்னும் இரண்டு. குமட்டலுக்கு இஞ்சி உதவுகிறது, கர்ப்பகாலக் குமட்டலுக்கும்கூட. இதற்கு ஆய்வுச் சான்று இருக்கிறது. மலச்சிக்கலுக்கு இசப்கோல் உமி நல்லது. ஒரு முழுக் குவளை நீரோடு உட்கொள்ள வேண்டும், மற்ற மாத்திரைகளிலிருந்து 2 மணி நேரமாவது தள்ளி. நீர் போதாவிட்டால் அது தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும்.

இனிச் சொல்லப்போவதைத் தயவுசெய்து வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். நெஞ்சில் வரும் வலியை 'வாயு பிடித்திருக்கிறது' என்று சொல்லிப் பெருங்காயமோ ஓமநீரோ ஆன்டாசிடோ குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டு, விடிவதற்குள் இறந்துபோனவர்கள் ஏராளம். நெஞ்சின் நடுவில் பாறையை வைத்ததுபோன்ற அழுத்தம், அது கைக்கோ தோளுக்கோ தாடைக்கோ பரவுதல், குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவை மாரடைப்பின் அறிகுறிகள். பெண்களுக்கும் முதியவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் அசதி, குமட்டல், மூச்சு வாங்குதல் என்று மட்டுமே வரலாம். ஏப்பம் வந்ததும் சற்றுக் குறைந்தது என்பது இதயம் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சான்றல்ல. இசிஜி எடுத்துப் பார்க்காமல் அதை வாயு என்று முடிவு செய்யும் உரிமை யாருக்கும் கிடையாது. அடைபட்ட ரத்தக்குழாய்க்குப் பின்னால் இதயத்தசை நிமிடத்துக்கு நிமிடம் மடிந்துகொண்டிருக்கிறது. இங்கே கை வைத்தியம் என்று ஒன்று இல்லவே இல்லை.

தலைவலிக்குப் பற்றுப் போடுவதும் தைலம் தடவுவதும் பலருக்கு இதம் தருகிறது, தடையில்லை. மாத்திரையில்தான் எச்சரிக்கை தேவை: சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ மூன்று மாதங்களுக்கு மேலாக எடுப்பவர்களுக்கு, அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்குகிறது, கூட்டு மாத்திரைகளென்றால் 10 நாளே போதும். இடி விழுந்ததுபோல் திடீரென உச்சத்தைத் தொடும் தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கைகால் வலுவிழத்தல், 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தலைவலி, இவை எல்லாம் மருத்துவமனைக்கானவை. இடுப்பு வலிக்குப் படுத்தே கிடக்கச் சொன்ன பழைய அறிவுரையை மருத்துவம் கைவிட்டுவிட்டது. இயன்ற அளவு நடமாடுவதும் வெந்நீர் ஒத்தடமும் அதைவிடப் பயன் தருகின்றன. சிறுநீர், மலக் கட்டுப்பாடு தவறினாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ அன்றே அறுவை மருத்துவர் பார்க்க வேண்டும்.

தோலில் வரும் படர்தாமரைக்குச் சீமை அகத்தி இலையை அரைத்துப் பூசுவது வழக்கம். பெஞ்சாயிக் அமிலம் 6 விழுக்காடும் சாலிசிலிக் அமிலம் 3 விழுக்காடும் கலந்த பழைய விட்ஃபீல்டு களிம்பும் இன்றுவரை பயனில் உள்ளது. என் கோபமெல்லாம் வேறொன்றின் மீது. ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்த களிம்பைச் சீட்டில்லாமல் வாங்கிப் பூசினால் இரண்டே நாளில் அரிப்பு அடங்கிவிடும். ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பை அடக்குவதால் பூஞ்சையோ ஓசையில்லாமல் பரவி, வடிவம் மாறி, பிறகு எந்த மருந்துக்கும் எளிதில் மசியாது. தீக்காயத்துக்கு விடை ஒன்றுதான்: ஓடும் குழாய் நீரில் 20 நிமிடம் காட்டுங்கள், பற்பசை, மை, வெண்ணெய், மாவு எதுவும் வேண்டாம், பனிக்கட்டியும் வேண்டாம். கண்ணில் இலைச்சாறோ தாய்ப்பாலோ விடுவதால் கருவிழியில் புண் உண்டாகிப் பார்வையே போகலாம். குழந்தையின் மூக்கில் எண்ணெய் விட்டால் அது நுரையீரலுக்குள் இறங்கி ஒருவகை நிமோனியாவை உண்டாக்கும். கற்பூரம் சிறிதளவு வயிற்றுக்குள் போனாலும் குழந்தைக்கு வலிப்பு வரும்.

பக்கவிளைவு இல்லை என்ற கூற்றுக்கு இப்போது வருகிறேன். விளைவு இருக்கும் எதற்கும் பக்கவிளைவு இருக்கும். இரண்டும் ஒரே வேதிப்பொருளின் வேலை. அதிமதுரத்தை நாள்தோறும் நெடுங்காலம் உட்கொண்டால் உடலில் உப்பு தங்கி, பொட்டாசியம் குறைந்து, ரத்த அழுத்தம் ஏறும். ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி ஆகிய மூலிகைகளின் இனத்தில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்ற பொருள் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்கான மூலிகை மாத்திரைகளில் இந்த இனச் செடி தவறுதலாகக் கலந்துவிட, பல பெண்களின் சிறுநீரகங்கள் முற்றிலும் செயலிழந்தன. சிலருக்குப் பிறகு சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயும் வந்தது. சமையலில் சேரும் மஞ்சள் யாருக்கும் கெடுதலல்ல. அதன் குர்க்குமினைப் பிழிந்தெடுத்து, உடல் நன்றாக உறிஞ்சும்படி மிளகுச் சத்தோடு மாத்திரையாக்கியபோது, சிலருக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. 2004இல் வெளியான ஓர் ஆய்வின்படி, அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் வாங்கிச் சோதித்த 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் 14இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்தன. நான் அஞ்சுவது செடியைவிட, பெயர் தெரியாத பொடியையும் உரிமம் இல்லாத லேகியத்தையும்தான். விரைவில் குணம் தெரிய வேண்டும் என்று அவற்றில் ஸ்டீராய்டையோ வலி மாத்திரையையோ கலந்துவிடுபவர்களும் இருக்கிறார்கள்.

கடைசியாக, இரண்டையும் சேர்த்து எடுப்பதைப் பற்றி. தேன், உப்புநீர், ஒத்தடம் போன்றவை எந்த மாத்திரையோடும் மோதுவதில்லை. உள்ளுக்குச் சாப்பிடும் மூலிகைச் சாறும் பொடியும் மாத்திரையும் அப்படியல்ல. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர் பூண்டு மாத்திரையோ ஜின்கோ என்ற மூலிகையோ சேர்த்தால் ரத்தக்கசிவு கூடலாம். சர்க்கரை மாத்திரையோடு, சர்க்கரையைக் குறைக்கும் மூலிகையும் சேர்ந்தால் அளவு கடந்து இறங்கி மயக்கம் வரும். வலிப்பு, இதய நோய், சிறுநீரகக் கோளாறு, உறுப்பு மாற்று ஆகியவற்றுக்கு மருந்து எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மார்களும் கேட்காமல் எதையும் சேர்க்கக் கூடாது. இடையில் ஒரு மணி நேரம் விட்டால் போதும் என்பது பல மோதல்களுக்குப் பொருந்தாது. அவை நடப்பது வயிற்றில் அல்ல, கல்லீரலில். அங்கே ஒரு மருந்தின் பாதிப்பு நாட்கணக்கில் நீடிக்கும்.

நோயாளிகள் இதை மருத்துவரிடம் மறைப்பதற்குக் காரணம், திட்டு வாங்கிய அனுபவம்தான். முகம் சுளிக்காமல் கேட்கும் பொறுப்பு மருத்துவர்களுக்கு உண்டு. வேறென்ன சாப்பிடுகிறீர்கள் என்ற கேள்வியைக் கேட்காமல் சீட்டு எழுதுவது பாதி வேலை. அவர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லிவிடுங்கள். அடுத்த முறை போகும்போது வீட்டில் உள்ள எல்லாப் பொடி, லேகியம், சூரணம், மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று மேசைமேல் வையுங்கள். எதை, எப்போதிலிருந்து, எந்த அளவில் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டால் இன்னும் நல்லது. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால் அந்தத் தாளை மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரிடமும் காட்டுங்கள். பெரும்பாலான மூலிகை மாத்திரைகளை 2 வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்.